வேலூர்ப் பக்கம் வீட்டுக்குக் காற்றாலை வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் இருபது வருடத்துக்கும் மேலாக வயரிங் வேலை செய்கிறேன். சில வருடங்களாகச் சோலார் வேலையும் சேர்ந்துகொண்டது. கைபேசியில் காற்றாலை வீடியோ ஒன்று சுற்ற ஆரம்பித்தால் அந்த வாரமே நாலு பேர் கூப்பிடுவார்கள். "அண்ணே, மாடியில ஒரு காத்தாடி மாட்டினா கரண்ட் பில்லே வராதாமே, நெஜமா?" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரைமணி நேரம் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். நானும் ஒரு காலத்தில் என் மாடியில் ஒன்று வைத்து, ஒரு வருடம் தினமும் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்து வந்தவன். அந்த அனுபவமும் இதில் இருக்கிறது.

முதலில் ஒரே வரியில் சொல்லுங்கள்: வைக்கலாமா, கூடாதா?

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை ஊர்களுக்குள் இருக்கும் சாதாரண மாடி வீட்டுக்கு வேண்டாம். அந்தப் பணத்தைச் சோலாரில் போடுங்கள். மலை மேலும், மரமில்லாத பரந்த வெளியிலும் வீடு வைத்திருப்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம். யாராவது விற்க வரும்போது கேள்வி கேட்க உதவும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்களே. அவ்வளவு காற்று இருந்தும் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. ஆடியில் காற்று அடிப்பது உண்மை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மலையில் கணவாய் இருக்கும் இடத்தில் அந்தக் காற்றெல்லாம் குறுகிய வாசலில் கூட்டம் நெருக்கியடிப்பது போலப் புகுந்து வேகமெடுக்கிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு என்று அப்படி நாலு வாசல்கள் நம் மாநிலத்துக்குக் கிடைத்திருக்கின்றன. முப்பந்தலிலும், தென்காசி, தேனிப் பக்கத்திலும், உடுமலைப்பேட்டை, பல்லடம் பகுதியிலும் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். தமிழ்நாட்டில் நிறுவியிருக்கும் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் மிகப் பெரும்பகுதி இந்த வாசல்களுக்கு நேரே இருக்கிறது.

வேலூருக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. பருவக்காற்று கர்நாடகப் பீடபூமியைக் கடந்து களைத்துப் போய்த்தான் நம் பக்கம் வருகிறது. வந்த பிறகும் ஜவ்வாது மலை, ஏலகிரி, ஆந்திர எல்லை மலைகள், ஊரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகள் எல்லாம் மறிக்கின்றன. வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் பாலாறு வரும் பள்ளத்தாக்கில் மட்டும் ஆனி, ஆடி மாதங்களில் மாலை நேரத்தில் கொஞ்சம் நல்ல காற்று வரும். கத்திரி வெயிலில் வேலூர்க்காரர்கள் இரவு பதினொரு மணிக்கும் வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். ஓர் இலை அசையாது. அந்த இரவில்தான் நமக்கு கரண்ட் அதிகம் தேவை.

ஆடிக் காற்று ஒரு மாதம். காற்றாலைக்கு நீங்கள் கொடுக்கும் பணம் பன்னிரண்டு மாதத்துக்கு.

காற்று கொஞ்சம் குறைந்தால் கரண்டும் கொஞ்சம்தானே குறையும்?

இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

காற்றிலிருந்து கிடைக்கும் சக்தி, வேகத்தின் கன அளவில் (வேகம் × வேகம் × வேகம்) கூடும், குறையும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். இறக்கை சுற்றுகிற வட்டத்தின் பரப்பும் முக்கியம். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு.

நான் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறேன். இறக்கை வட்டத்தின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். காற்றின் வேகத்தை, நொடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து மூன்று முறை பெருக்குங்கள். இரண்டையும் பெருக்கிப் பத்தால் வகுத்தால் வருவது, நம் ஊர் வெப்பத்தில் ஒரு சாதாரண வீட்டுக் காற்றாலை கொடுக்கும் வாட். காற்றின் அடர்த்தி, இறக்கையின் திறன், ஜெனரேட்டரில் போகும் இழப்பு எல்லாம் அந்தப் பத்தில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். கணக்கு வாத்தியார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பெரும்போக்காகச் சரியாக வரும்.

2 மீட்டர் விட்டமுள்ள காற்றாலையை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 3 மீட்டர் காற்றில் 4 × 27 ÷ 10, அதாவது 11 வாட் கூட இல்லை. ஒரு எல்.இ.டி. பல்புக்குத்தான் ஆகும். அதே காற்றாலைக்கு 6 மீட்டர் வேகம் கிடைத்தால் 86 வாட். 12 மீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 690 வாட். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் திறன் இந்தக் கடைசி வகைக் காற்றுக்கானது. 11, 12 மீட்டர் வேகம் என்றால் மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டி. அந்தக் காற்றில் நீங்கள் மாடியில் துணி காயப்போட முடியாது. வருடத்தில் எத்தனை மணி நேரம் உங்கள் மாடியில் அப்படி அடிக்கிறது என்று நீங்களே யோசியுங்கள்.

சரி, வருடத்துக்கு எத்தனை யூனிட் வரும் என்று சொல்லுங்கள். சோலாரோடு ஒப்பிட்டும் சொல்லுங்கள்.

3 மீட்டர் விட்டம், '1 கிலோவாட்' என்று விற்கப்படும் வகை. உங்கள் இடத்தில் வருடச் சராசரி வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்று எப்போதும் ஒரே வேகத்தில் வீசாது. சில நேரம் ஓய்ந்திருக்கும், சில நேரம் பலமாக அடிக்கும். அந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் வருடத்துக்குச் சுமார் 400 யூனிட். நாளுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். ஒரு ஃபிரிட்ஜ் ஓட்டலாம்.

அதே காற்றாலை, சராசரி 5 மீட்டர் காற்று உள்ள இடத்தில் நின்றால் வருடத்துக்கு 1,900 யூனிட்டை நெருங்கும். பொருள் ஒன்று, விலை ஒன்று. இடம் மாறினால் நாலரை மடங்கு வித்தியாசம். உடுமலைப்பேட்டைக்காரர் வீடியோவில் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் காற்று வேறு, நம் காற்று வேறு.

இப்போது சோலார். 1 கிலோவாட் பேனல் நம் பக்கத்து வெயிலில் நாளுக்கு 4 யூனிட் கொடுக்கும். வருடத்துக்கு 1,400 யூனிட்டுக்கு மேல். மாடியில் சுமார் 100 சதுர அடி போதும். அசையும் பாகம் எதுவும் இல்லை. மாதம் இரண்டு முறை தண்ணீர் விட்டுத் துடைத்தால் ஆயிற்று. வேலூர் வெயிலைத் திட்டாதவர் யாருமில்லை. ஆனால் மாடியில் பேனல் வைத்த பிறகு அதே வெயிலை 'நல்லா அடிக்குதுப்பா' என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மாடியில் வைத்தீர்களே, என்ன ஆனது?

ஒரு கம்பெனிக்காரர் வந்து, "நொடிக்கு 2 மீட்டர் காற்று இருந்தாலே போதும்" என்றார். சுற்ற ஆரம்பிக்கும் வேகமும், கரண்ட் கொடுக்கும் வேகமும் ஒன்றல்ல என்று அன்றைக்கு எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருந்தாலே இறக்கை சுற்றும். பார்க்க அழகாக இருக்கும். பேட்டரிக்கு ஒன்றும் போகாது.

இரண்டு மாடி வீடு. மாடி மேல் 12 அடி இரும்புக் குழாயை நட்டு அதன் உச்சியில் வைத்தேன். மேற்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, வடமேற்கே இரண்டு தென்னை. ஆடியில் நல்ல நாளில் முக்கால் யூனிட் வந்தது. புரட்டாசி, ஐப்பசியில் நோட்டில் வரிசையாகப் பூஜ்யம்தான். காற்று வந்த நாளிலும் இறக்கை ஒரு பக்கமாக நிற்காமல் திசை தேடி ஆடிக்கொண்டே இருந்தது. இரவில் படுத்தால் சுவர் வழியாக 'ம்ம்ம்' என்று ஒரு அதிர்வு தலையணை வரைக்கும் கேட்கும். அம்மா தாங்காமல் கீழ் வீட்டுக் கூடத்துக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். அடுத்த கோடையில் மழைக்கு முன்னால் வந்த சூறைக்காற்றில் வால் தகடு முறிந்து தெருவில் விழுந்தது. அப்போது தெருவில் யாரும் இல்லை. மறுநாளே இறக்கிவிட்டேன். விற்ற கம்பெனிக்காரரின் போன் அதற்குள் வேலை செய்யவில்லை.

பணம் போனது கூடப் பெரிதில்லை. அந்தத் தகடு விழுந்த இடத்தில் சாயங்காலம் பிள்ளைகள் விளையாடுவார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதனால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

உயரமான டவர் வைத்தால் சரியாகிவிடுமா?

ஓரளவு. தரையை ஒட்டி வீடு, மரம், மதில் எல்லாம் காற்றைக் கலைத்துவிடும். ஓடையில் ஒரு பாறை இருந்தால் அதன் பின்னால் தண்ணீர் சுழிப்பது போல, ஒரு கட்டடத்துக்குப் பின்னால் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரம் வரைக்கும், இருபது மடங்கு தூரம் வரைக்கும் காற்று கலங்கியிருக்கும். அந்தச் சுழலில் இறக்கை நின்றால் கரண்டும் வராது, பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

உலகம் முழுக்கச் சின்னக் காற்றாலை நடுபவர்கள் சொல்லும் விதி ஒன்று: சுற்றிலும் 300 அடி தூரத்துக்குள் இருக்கும் எல்லாவற்றையும்விட 30 அடி உயரத்தில் இறக்கை இருக்க வேண்டும். நம் தெருவில் தென்னை 50, 60 அடி நிற்கும். அப்படியானால் டவர் 90 அடி. டவரைச் சாயாமல் இழுத்துப் பிடிக்க நாலு பக்கமும் ஸ்டே கம்பி கட்ட இடம் வேண்டும். மூன்று சென்ட் மனையில் எங்கே கட்டுவது? அதோடு அஸ்திவாரம், ஆள்கூலி, கிரேன் எல்லாம் சேர்ந்தால் டவர் செலவே காற்றாலையின் விலையைத் தாண்டும். அப்துல்லாபுரம் விமான நிலையத்தைச் சுற்றி வீடு உள்ளவர்கள் உயரக் கட்டுப்பாட்டையும் கவனிக்க வேண்டும்.

திறந்த வெளியில் 10 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்குப் போனால் வேகம் ஏறக்குறைய 17 சதவீதம் கூடும், சக்தி 60 சதவீதம் கூடும். இது நல்ல லாபம்தான். ஆனால் 3 மீட்டர் காற்றை அது மூன்றரை ஆக்கும், ஆறு ஆக்காது.

மாடியிலேயே சின்னதாக வைத்துக்கொண்டால் என்ன?

கட்டடத்தின் மேல் நேராக வைக்காதீர்கள். அதிர்வு தூண் வழியாக இறங்கும். தட்டோடு பதித்த தளமாக இருந்தால் இணைப்பு விட்டு மழையில் ஒழுகும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் பேச்சே வேண்டாம்.

பிரிட்டனில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். வார்விக் காற்றுச் சோதனை என்ற பெயரில் 26 கட்டடக் காற்றாலைகளை அளந்து 2009-ல் அறிக்கை வெளியிட்டார்கள். பழுதாகி நின்ற நாட்களையும் சேர்த்து, ஒரு காற்றாலைக்கு நாளுக்குச் சராசரியாக 214 வாட்-மணி கிடைத்தது. கால் யூனிட்டுக்கும் குறைவு. அது நம்மைவிடக் காற்று அதிகமுள்ள நாடு.

நின்ற நிலையில் சுற்றுகிற, திருகு போன்ற காற்றாலை எந்தப் பக்கக் காற்றிலும் வேலை செய்யுமாமே?

திசை பார்க்காமல் சுற்றும், உண்மை. சத்தமும் குறைவாக இருக்கும். ஆனால் இரண்டு பாதிப் பீப்பாய் போல இருக்கும் சவோனியஸ் வகை, மூன்று இறக்கைக் காற்றாலையைவிடக் குறைவாகவே காற்றிலிருந்து சக்தியை எடுக்கும். ஏனென்றால் ஒரு பக்கம் காற்றோடு போகும்போது மறுபக்கம் காற்றை எதிர்த்து வர வேண்டும். நெடுஞ்சாலை நடுவில் லாரிக் காற்றில் சுற்றுவதை வீடியோவில் காட்டுகிறார்கள். சுற்றுவதைக் காட்டுகிறார்கள், மீட்டரைக் காட்டுவதில்லை.

எந்த வடிவமாக இருந்தாலும் ஒரு எல்லை உண்டு. காற்றில் இருக்கும் சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். முழுவதையும் எடுத்துவிட்டால் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்னால் வரும் காற்றுக்கு வழியிருக்காது. அதனால் கொஞ்சத்தை விட்டே ஆக வேண்டும்.

இதை வைத்து ஒரு சோதனை. சமீபத்தில் ஒருவர் கைபேசியில் காட்டிய விளம்பரம்: ஒரு மீட்டர் விட்டம், 3 மீட்டர் காற்றில் 400 வாட். அந்த வட்டத்துக்குள் நுழையும் காற்றின் மொத்தச் சக்தியே சுமார் 12 வாட்தான். பெட்ஸ் எல்லைப்படி 7 வாட்டுக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. 400 என்று எழுதியிருந்தால் அவரிடம் வாங்காதீர்கள்.

எங்கள் கொல்லை ஊருக்கு வெளியே. மரமே கிடையாது, காத்து பிச்சிக்கிட்டுப் போகுது. எனக்குமா வேண்டாம்?

உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் "அளந்து பாருங்கள்" என்கிறேன். காவேரிப்பாக்கம் ஏரிக்கரை போன்ற பரந்த வெளி, மலை விளிம்பு, பள்ளத்தாக்கின் வாய் ஆகிய இடங்களில் ஊருக்குள் இருப்பதைவிட நல்ல காற்று இருக்கும். ஆனால் மேலே பட்ட காற்றின் சுகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். வெயிலில் வேர்த்த உடம்புக்கு 3 மீட்டர் காற்றே புயல் போலத் தெரியும்.

கண்ணாலேயே ஓரளவு மதிப்பிடலாம். வேப்பிலை சலசலத்தால் 2, 3 மீட்டர். சின்னக் கிளை விடாமல் ஆடிக்கொண்டிருந்தால், கட்சிக் கொடி விரிந்து நின்றால் 4, 5 மீட்டர். புழுதியும் காகிதமும் பறந்தால் 6, 7. சின்ன மரம் முழுசாக ஆடினால் 8-க்கு மேல். ஒரு வாரம் காலை, பிற்பகல், இரவு மூன்று வேளையும் பார்த்து எழுதுங்கள். நாள் முழுக்க இரண்டாவது நிலையாவது இருந்தால் காற்றுமானி வாங்கி, டவர் வரப்போகும் உயரத்துக்கு ஒரு குழாயை நட்டு, அதில் கட்டி, குறைந்தது ஒரு வருடம் பதிவு செய்யுங்கள். ஆடியில் மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். பெரிய காற்றாலை நடுபவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் நாடு முழுக்கக் கம்பம் நட்டு அளந்ததுதான் இந்தியக் காற்று வரைபடம்.

சராசரி 4.5 மீட்டருக்கு மேல் வந்தால் என்னிடம் பேசுங்கள். அதற்குக் கீழே என்றால் சோலார்.

ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும்?

ஏலகிரி ஆயிரம் மீட்டருக்கு மேல். மலை விளிம்பில், மேற்கே திறந்த பக்கம் இருக்கும் வீடுகளுக்கு வாய்ப்பு உண்டு. மலையின் நடுக்கிண்ணத்தில் இருக்கும் வீடுகளுக்குக் கிடையாது. ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம் உள்ள குக்கிராமங்களில் மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தால் கரண்ட் திரும்ப நாளாகும். அங்கே சோலாரும் சின்னக் காற்றாலையும் ஒரே பேட்டரியில் சேர்த்து வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனி, ஆடி மேகமூட்டத்தில் பேனல் படுத்துவிடும், அப்போது காற்று எழும். ஒன்று விட்டதை இன்னொன்று பிடித்துக்கொள்ளும். வனத்துறை நிலமாக இருந்தால் ஒரு குழாய் கூட நடக்கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

பேட்டரி எவ்வளவு வேண்டும்?

வீடுகளில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் அடங்கும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆக 0.9 யூனிட். இரவு முழுக்க ஒரு பழைய ஃபேனும் ஒரு விளக்கும் ஓடும். ஏசி ஓடாது. 75 வாட் ஃபேனைக் கழற்றிவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால் அதே பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். மாடியில் காற்றாலை வைக்க வந்தவர்களுக்கு இந்த ஃபேன் மாற்றத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், பிறகு நன்றி சொன்னார்கள்.

காற்றாலைக்கு இன்னொன்று தேவை. பேட்டரி நிறைந்த பிறகு வரும் கரண்டை எரித்துத் தீர்க்க ஒரு ஹீட்டர் காயில். சோலார் பேனலைச் சும்மா துண்டித்துவிடலாம். காற்றாலையைச் சும்மா துண்டித்தால் சுமையில்லாமல் வெறி பிடித்தது போலச் சுற்றி இறக்கை பிய்ந்துவிடும்.

மின்வாரியத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாமா? மானியம் உண்டா?

வீடுகளுக்கு நெட் மீட்டர் (எடுத்த கரண்டில் கொடுத்ததைக் கழித்துக்கொள்ளும் முறை) என்பது மாடிச் சோலாரை வைத்து அமைந்த ஏற்பாடு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டமும் சோலாருக்கு மட்டும்தான்: 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. "காற்றாலைக்கும் இதே மானியம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதையும் கணக்கில் வையுங்கள். உங்கள் வீடு 200, 250 யூனிட்டுக்குள் ஓடுகிறது என்றால் நீங்கள் கட்டும் பில்லே சின்னது. காற்றாலை மிச்சப்படுத்தும் தொகை அதைவிடச் சின்னது.

மீட்டருக்குத் தெரியாமல் பிளக்கில் சொருகி வீட்டு லைனுக்குள் விடும் கருவிகளைத் தொடவே தொடாதீர்கள். கரண்ட் போன நேரத்தில் அது வெளி லைனுக்குப் பாயக்கூடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தான் கை வைக்கிறார்.

இடி விழுந்தால்?

சித்திரை, வைகாசி மாலைகளில் நம் பக்கம் இடியும் மின்னலும் அதிகம். உயரத்தில் இரும்பு நின்றால் தனி இடிதாங்கியும் தனி எர்த் குழியும் கட்டாயம். வீட்டு எர்த்தோடு சேர்க்கும் முறையை லைசென்ஸ் உள்ள ஆளிடம் விடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா, 2020 நவம்பரில் நிவர் போலப் புயல் செய்தி வந்தால் டவரை இறக்கிப் படுக்க வைக்கும் வசதி இருக்க வேண்டும். கீல் வைத்த டவர்தான் வாங்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

கழனிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் காற்றாலை உதவுமா?

முன்பு பல இறக்கைகள் வைத்த, பூ போன்ற காற்றாலைகள் இருந்தன. அவை கரண்ட் தயாரிப்பவை அல்ல, நேராகத் தண்டை மேலும் கீழும் ஆட்டி இறைப்பவை. மெதுவான காற்றிலும் வேலை செய்யும். ஆழம் குறைந்த திறந்த கிணற்றுக்குப் பொருந்தும். இன்றைக்கு நம் மாவட்டத்தில் போர்வெல் பல நூறு அடி இறங்கிவிட்டது. விவசாயப் பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசமாகவும் இருக்கிறது. அதனால் அந்தப் பேச்சு நின்றுபோனது.

வெளிநாட்டில் வீட்டுக்கு வீடு வைத்திருந்தார்களாமே?

வைத்திருந்தார்கள். 1887-ல் ஸ்காட்லாந்தில் மேரிகர்க் என்ற ஊரில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் துணி இறக்கை கட்டிய காற்றாலையால் பேட்டரியை நிரப்பி, தன் விடுமுறை வீட்டில் விளக்கெரித்தார். காற்றில் மின்சாரம் எடுத்து வெளிச்சம் கண்ட முதல் வீடு என்று அதைத்தான் சொல்கிறார்கள். மீதிக் கரண்டில் தெருவுக்கு விளக்குப் போட்டுத் தருகிறேன் என்றார். அது பேய் வேலை என்று ஊர்க்காரர்கள் மறுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் அமெரிக்காவில் சார்லஸ் பிரஷ் தன் வீட்டுப் பின்புறம் 17 மீட்டர் விட்டத்தில் ஒன்றைக் கட்டினார். அவ்வளவு பெரிய சக்கரம் கொடுத்தது 12 கிலோவாட். பிறகு 1930-களிலும் 40-களிலும் அமெரிக்கச் சமவெளிப் பண்ணை வீடுகளில் ஜேக்கப்ஸ் காற்றாலைகள் ஓடின. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லை, காற்றுக்குக் குறைவில்லை, கரண்ட் கம்பியும் இல்லை. கிராமங்களுக்குக் கம்பி வந்ததும் ஒவ்வொன்றாக இறங்கின.

அப்படியானால் வேலூர் வீடுகளுக்குக் காற்று மின்சாரமே கிடையாதா?

கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனி முதல் ஆவணி வரை முப்பந்தலிலும் பல்லடத்திலும் உற்பத்தியாகும் கரண்ட் மாநிலக் கம்பியில் கலந்து உங்கள் ஃபேனையும் சுற்றுகிறது. 100 மீட்டர் உயரத்தில், 100 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள சக்கரம் செய்யும் வேலையை மாடிகளில் வைத்த ஆயிரம் சின்னக் காற்றாலைகள் செய்யாது. வட்டத்தின் பரப்பும் வேகத்தின் கன அளவும் செய்யும் கணக்கை மேலே பார்த்தீர்கள்.

தொழிற்சாலைகளுக்கு இன்னொரு வழி உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள் போன்ற பெரிய மின்பயனாளர்கள் பலர் சேர்ந்து, தெற்கே இருக்கும் ஒரு காற்றாலையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, அதன் உற்பத்தியில் பாதிக்கு மேல் தாங்களே பயன்படுத்தினால் சொந்த மின்சாரம் என்ற கணக்கில் வரும். நூற்பாலைகள் வெகுகாலமாக இப்படிச் செய்கின்றன. வீட்டு இணைப்புக்கு இது பொருந்தாது.

மகள் பள்ளிக் கண்காட்சிக்குக் காற்றாலை செய்யச் சொல்கிறாள். உதவுவீர்களா?

சந்தோஷமாக. பழைய சைக்கிள் டைனமோ வேண்டாம், இறுக்கமாக இருக்கும், மெதுவான காற்றில் அசையாது. பழுதான பிரிண்டரிலிருந்து கழற்றிய ஸ்டெப்பர் மோட்டார் எடுங்கள், கையால் சுற்றினாலே எல்.இ.டி. எரியும். இறக்கைக்கு 4 அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்து, ஒரு முனையை ஒடுக்கி வெட்டுங்கள். குழாயின் வளைவே இறக்கையின் வளைவாகிவிடும். மூன்றின் எடையும் ஒன்றாக இருக்கும்படி உரசிச் சரிசெய்யுங்கள். டேபிள் ஃபேனை முதலில் ஒன்றில், பிறகு மூன்றில் வைத்து ஒவ்வொரு முறையும் மல்டிமீட்டரில் வோல்ட்டைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை என் கடைக்கு அழைத்து வாருங்கள். மோட்டார் என்னிடம் இரண்டு மூன்று கிடக்கின்றன.